இரவல் போன குரல்

நடிகை சரிதாவைப் பற்றி எழுதுவோர் அவருடைய கண்களைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அகன்ற அந்தக் கண்கள் பேசின என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் தென்னிந்தியத் திரையுலகம் அவரிடமிருந்து நெடுங்காலம் பெற்றுக்கொண்டது குரலையே. அதைப் பெற்ற விதமும், பெற்றுக்கொண்டே முகத்தை ஒதுக்கிவைத்த விதமும் ஆராயத்தக்கவை.

ஆந்திர நாட்டுப் பெண்ணான சரிதா, கே. பாலசந்தரின் 'மரோசரித்ரா' என்னும் தெலுங்குப் படத்தின் மூலம் 1978ஆம் ஆண்டில் அறிமுகமானார். கறுத்த நிறம், சற்றே பூசினாற்போன்ற உடல். அக்காலக் கதாநாயகிக்கு இருக்க வேண்டியவை எனப் படமுதலாளிகள் வகுத்திருந்த இலக்கணங்களுள் எதற்கும் அவர் அடங்கவில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படம், மொழிமாற்றம் செய்யப்படாமலேயே சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 1981இல் அதே கதையை அதே நெறியாளர், அதே கமலஹாசனைக் கொண்டு இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' என எடுத்தபோது, கதாநாயகியின் இடத்தில் ரதி அக்னிகோத்ரி வந்தார். இந்திக் கதையில் பெண் வடநாட்டவள் ஆகிவிட்டமையின் அம்மாற்றம் தேவையாயிற்று எனக் கூறலாம். நியாயமான விளக்கமே. எனினும் அந்த நியாயம் எப்போதும் ஒரே திசையில்தான் செல்கிறது. தமிழ்க் கிராமத்துப் பெண்ணாக நடிக்க வடநாட்டு மங்கையை வரவழைக்கும்போது இதே நியாயத்தை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சரிதாவின் கலையை அளப்பதற்குரிய படம் 'தண்ணீர் தண்ணீர்' (1981) என்பதே நமது கருத்து. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலசந்தர் திரைக்குக் கொண்டுவந்தார். சிறந்த தமிழ்ப்படத்துக்கான இந்திய தேசிய விருதும் திரைக்கதைக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. அத்திப்பட்டி என்னும் கரிசல் கிராமத்தில் குடிக்க நீரில்லை. தப்பியோடி வந்த கைதி ஒருவன் மாட்டுவண்டியில் நீர் கொண்டுவந்து கொடுக்கிறான். ஊரே அவனை நம்பியிருக்கிறது; சட்டமோ அவனைத் தேடுகிறது. சரிதா ஏற்ற செவந்தி என்னும் பாத்திரம் ஒரு போலீஸ்காரனின் மனைவி. நீருக்கும் சட்டத்துக்கும் நடுவே அவளுடைய குடும்பம் நிற்கிறது.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்தக் கரிசல் பேச்சைத் தம் சொந்தக் குரலில் பேசினார். இனிமையான குரல் என்று அதைச் சொல்ல இயலாது. அடித்தொண்டையிலிருந்து எழுவது, கோபம் வரும்போது சற்றே கரகரப்பது, அழுகையை அடக்கும்போது சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவது. பசறைப் பகுதித் தோட்டங்களில் வாழும் நம்மவர் பலரின் முன்னோர், திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்கள். மழைக்குக் குறைவில்லாத இந்த மலையிலும், அதிகாலையில் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடத்துக்காக வாதாடும்போது எழும் குரலைக் கேட்டவருக்குச் செவந்தியின் குரல் புதிதன்று. தமிழ்த் திரையில் ஏழைப் பெண்ணாக நடித்தவர் பலர். ஏழைப் பெண்ணின் தொண்டையோடு நடித்தவர் மிகச் சிலரே.

'அச்சமில்லை அச்சமில்லை' (1984) அதற்கு அடுத்த படி. இலட்சியவாதியாக இருந்த கணவன் பதவி அரசியலில் அழுகிப்போவதைக் காணும் தேன்மொழி, இறுதியில் அவனையே கொல்லத் துணிகிறாள். முடிவு நாடகத்தன்மை மிக்கது. ஓர் அமைப்பின் கேட்டை ஒரு மனிதனின் உயிரோடு தீர்த்துவிடும் சுருக்கு வழி. அதை நாம் ஏற்கவில்லை. இருந்தும் அம்முடிவுக்கு முன்னே, கணவனிடம் மெதுவாகக் கேள்வி கேட்கத் தொடங்கும் மனைவியின் குரலில் படிப்படியாக வரும் மாற்றத்தை, நடிப்புக் கலை பயில்வோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கன்னடத்திலும் மலையாளத்திலும் அவர் நிறையவே நடித்தார். அவற்றை விரித்துரைக்க இங்கே இடமில்லை.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். எண்பதுகளின் பிற்பகுதி தொடக்கம் சரிதாவுக்குக் கதாநாயகிப் பாத்திரங்கள் அருகின. அதே காலத்தில் அவருடைய குரலுக்குத் தேவை பெருகிற்று. விஜயசாந்தி, நக்மா, சௌந்தர்யா முதலிய நடிகையரின் உதடுகளிலிருந்து தெலுங்கிலும் தமிழிலுமாக ஒலித்தது பல படங்களில் சரிதாவின் குரலே. விஜயசாந்தி தெலுங்கு நன்கறிந்தவர். மொழி அங்கே காரணமாக இருக்க முடியாது. அடங்காத பெண்ணைத் திரையில் நிறுத்த அடங்காத குரலொன்று வேண்டியிருந்தது. அந்தக் குரலுக்கு உரியவளின் முகம் மட்டும் வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தொழிலை அறியாதவர், பேசுவதுதானே என்று எண்ணிவிடுகிறார்கள். அக்காலத்தில் படச்சுருளைச் சிறு துண்டுகளாக வெட்டி, இருண்ட கூடத்தில் மீண்டும் மீண்டும் ஓடவிட்டனர். ஒலிவாங்கியின் முன்னே நிற்பவர் பிறரது உதட்டசைவை நோக்கி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தாமும் வாங்கி, விம்மும் இடத்தில் விம்ம வேண்டும். முகத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அக்குறையையும் குரலே நிரப்ப வேண்டும். இதுவும் நடிப்பே. நம் விமர்சகர்கள் இதை நடிப்பாகக் கருதி ஒரு பக்கமேனும் எழுதியிருப்பார்களாயின், இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

'வண்டிச்சக்கரம்' (1980) என்ற படத்தின் நாயகி சரிதா. 'சிலுக்கு' என்ற பாத்திரத்தால் ஸ்மிதா பெயர் பெற்றதும் அப்படத்திலேதான். இருவரும் ஆந்திரத்துப் பெண்கள், இருவரும் கறுத்தவர்கள். ஸ்மிதாவின் உடலை எடுத்துக்கொண்ட திரைத்தொழில், பல படங்களில் அவருக்கு இரவல் குரலைப் பொருத்தியது. சரிதாவிடமோ குரலை எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்தியது. முழு மனுஷியாக இருவரில் எவரையும் அது ஏற்கவில்லை. ஸ்மிதா 1996இல் மாண்டுபோனார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் மார்னி நிக்சன் என்ற பாடகி, 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நத்தாலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடற்குரல் கொடுத்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1965இல் 'தி சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தில் கன்னிமாடத்துச் சகோதரியருள் ஒருவராக அவர் தம் முகத்தோடு தோன்றினார். சிறிய பாத்திரம்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்ற சொல்லுக்கு நாட்கூலி என்றும் பொருள் உண்டு. நிறுவை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். கூலிக்கும் பெயருக்கும் ஒரே சொல்லை வழங்கும் நம் மக்கள், தாம் பறித்த கொழுந்து எந்த நாட்டில் எவருடைய முத்திரையோடு விற்கப்படுகிறது என்பதை அறிவதில்லை. சரிதாவுக்குக் கூலி கிடைத்திருக்கும். பேரில் பாதி நக்மாவுக்குப் போயிற்று, பாதி விஜயசாந்திக்குப் போயிற்று. பிற நடிகையரை நாம் குறைகூறவில்லை. கொள்முதல் செய்தவர் அவர்களல்லர். சரிதாவின் குரலே அவரைப் போன்ற கறுத்த நடிகையரின் வரவைத் தடுக்கும் கருவியாயிற்று என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார். உண்மைதான். ஆனால் கொழுந்து பறிப்பவள் தேயிலையின் விலையை நிர்ணயிப்பதில்லை.

தொலைவில் உள்ள திரைத்தொழிலை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. இப்பகுதிப் பாடசாலை ஒன்றின் கலைவிழாவில் கண்ணகி நாடகம் நடந்தது. மேடையில் நின்றவள் சிவந்த மேனியாள். திரைக்குப் பின்னே நின்று வசனத்தைப் பேசியவள் லயத்துப் பெண். வகுப்பில் மிகச் சிறந்த குரல் அவளுடையது. ஏன் இவ்வாறு என வினவியபோது, 'அவள் கறுப்பி, மேடைக்கு எடுபடாது' என்ற மறுமொழி எவ்விதக் கூச்சமுமின்றிக் கிடைத்தது. பாண்டியன் அவையில் நீதி கேட்ட கண்ணகிக்குச் சிவந்த மேனி வேண்டும் எனச் சிலப்பதிகாரம் கற்பித்தவர்களே கருதுகிறார்கள்!

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, 2003இல் 'ஜூலி கணபதி'யில் சரிதாவை மீண்டும் நடுநாயகமாக நிறுத்தினார். தமக்குப் பிடித்த எழுத்தாளனை வீட்டிலே சிறைவைக்கும் ரசிகையின் கதை; அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் நாவலைத் தழுவியது. கொஞ்சலிலிருந்து கொடூரத்துக்கு ஒரே வாக்கியத்தில் தாவும் அந்தக் குரலைக் கேட்டவர்கள், இத்தனை ஆண்டும் தமிழ்த்திரை எதை இழந்திருந்தது என்பதை உணர்வர்.

பின்னர் 2023இல் 'மாவீரன்' வந்தது. குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, தொட்டால் உதிரும் மாடிக் கட்டடத்தில் குடியேற்றப்பட்ட மக்களின் கதை. லயக் காம்பிராவின் சுவர்களை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அதில் சரிதா, அநீதியைக் கண்டு அடங்கியிருக்க மறுக்கும் தாய். அவருடைய அஞ்சிய மகனுக்கு மட்டும் கேட்கும் அசரீரி ஒன்று கதையை நடத்துகிறது. அந்த அசரீரிக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அச்செய்தியே படத்துக்குப் பெரும் விளம்பரமாயிற்று.