தாடைப் பதிவு: எந்தப் புள்ளியில் துல்லியம்?

வாய் திறக்கத் தொடங்கும்போது கீழ்த்தாடையின் மூட்டுமுனை பெரும்பாலும் சுழல்கிறது. திறப்பு கூடக்கூட முன்னோக்கிச் சறுக்குகிறது. மெல்லும்போது இரண்டும் கலந்தே நடக்கின்றன. இந்த அசைவுக்கு ஒத்துவராத கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் உறை), கடிக்கும்போது எங்காவது இடிக்கும். அதைத் தவிர்க்கத்தான், மூட்டை ஒட்டி மேல்தாடை இருக்கும் நிலையை எடுத்துத் தரும் ஃபேஸ்போவும், பல் அச்சுகளைப் பொருத்தித் தாடை அசைவைப் போலச் செய்து பார்க்கும் ஆர்ட்டிகுலேட்டரும் வந்தன. இப்போது அவற்றின் வேலையைத் தாமே செய்வதாகச் சொல்கின்றன ஜெர்மனியின் ஸெப்ரிஸ், பிரான்சின் மோட்ஜா போன்ற டிஜிட்டல் கருவிகள்.

கீழ்ப்பற்களின் வெளிப்புறத்தில் இலேசான கவ்வி ஒன்றை ஒட்டுகிறார்கள். தலையில் ஒரு சட்டகம். இரண்டுக்கும் இடையிலான அசைவைக் கேமராவோ அல்ட்ராசவுண்டு உணரியோ பதிவு செய்ய, ஸ்கேன் செய்த பற்கள் திரையில் அதேபோல் அசைகின்றன. பழைய ஆர்ட்டிகுலேட்டரில், மூட்டுமுனை சறுக்கும் சரிவைப் பல நேரம் சராசரிக் கோணமாகவே வைப்பார்கள். இங்கே நோயாளி உண்மையில் மெல்லும் பாதையே கிடைக்கிறது. பழைய முறையில் பிளாஸ்டர் விரிவதாலும் மெழுகு நெளிவதாலும் வரும் பிழைகள் இங்கே இல்லை. இந்த ஆதாயம் சிறியதல்ல.

ஆனால் பிழைகள் வேறு வழியாக நுழைகின்றன. ஸ்கேனில் கொஞ்சம், ஸ்கேனைப் பதிவோடு பொருத்துவதில் கொஞ்சம், தோலோடு நகரும் சட்டகத்தில் கொஞ்சம். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் வாயில், கவ்வியே கடியைத் தடுக்கக்கூடும். பல்லே இல்லாதவருக்கு அது ஈறின் மேலுள்ள தட்டில்தான் நிற்க வேண்டும்; தட்டோ அசையும்.

பெரிய சிக்கல் மூட்டில் இருக்கிறது. கருவி அளப்பது பல் அருகே. மூட்டின் பாதை அங்கிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. முன்பல்லுக்கும் மூட்டுக்கும் சுமார் 10 செ.மீ. தூரம். கோணத்தில் 0.1 பாகை பிசகினால் மூட்டில் சுமார் 0.17 மி.மீ. விலகல். திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வந்தாலும் இந்த விலகல் குறையாது. போதாக்குறைக்கு, இயந்திரத் தாடையை வைத்துச் சோதித்த துல்லியம் அப்படியே வாய்க்குப் பொருந்தாது. ஒரே மனிதர் இருமுறை மென்றாலும் பாதை ஒன்றாக இருப்பதில்லை. அந்த மாற்றத்தில் தாடையின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று ஒரே பதிவால் பிரித்துச் சொல்ல முடியாது.

மூட்டு வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கத் திரையில் வரும் இந்தப் பாதைக் கோடுகளை நம்புவது இன்னும் ஆபத்து. படமெடுக்கும் முறைகளைத் தவிர எந்தத் தொழில்நுட்பக் கருவியும் மூட்டுக் கோளாறு உள்ளவரையும் இல்லாதவரையும் போதிய அளவு பிரித்துக் காட்டுவதில்லை என்று அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010இல் அறிவித்தது. நோயாளியின் பேச்சும் மருத்துவரின் விரலுமே இன்னும் முதல் சான்று.

அப்படியானால் யாருக்கு இது தேவை? 1961இல் பல் மருத்துவர் லாரன்ஸ் வைன்பெர்க் போட்ட கணக்கு இதற்கு உதவும்: பற்களுக்கிடையே 3 மி.மீ. தடிமனில் கடியைப் பதிவு செய்தால், தாடை சுழலும் அச்சைக் குறிப்பதில் 5 மி.மீ. தவறினாலும் பின் கடைவாய்ப் பல்லில் வரும் பிழை சுமார் 0.2 மி.மீ.தான். பற்களை மூடிய நிலையிலேயே ஸ்கேன் செய்துவிட்டால், கடி உயரம் மாறாதவரை அச்சுப் பிழைக்கு வேலையே இல்லை. ஆகவே ஒற்றைக் கிரவுனுக்கு இந்தக் கருவி பெரும்பாலும் ஆடம்பரம். கடி தொடுகிறதா என்று பார்க்க உதவும் 8 மைக்ரான் தடிமனுள்ள ஷிம்ஸ்டாக் தாளைப் பற்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்ப்பதே போதும். கடி உயரத்தை மாற்றி வாய் முழுவதையும் புதிதாகக் கட்டும்போது கதை வேறு. அங்கே பாதை தெரியாமல் வடிவமைப்பது குருட்டுவேலை; பதிவுக்குச் செலவழிக்கும் பணம் திரும்பி வரும். வாங்கப்போகும் மருத்துவர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் சொல்லும் துல்லியம் பல்லிலா, மூட்டிலா?