கரையைக் கேட்டால் படகு புரியும்

கடலூர் முதல் பிச்சாவரம் வரை: ஒரு படகை எப்படி ரசிப்பது?

பின்புறம் இரண்டு அவுட்போர்ட் எஞ்சின்கள், முன்தளத்தில் வெயில் காய மெத்தை, நான்கு படி இறங்கினால் இருவர் படுக்கக் கட்டில், மூலையில் சின்ன அடுப்பு. பகலில் பறந்துவிட்டு இரவில் ஏதாவது ஒரு தீவோரம் நங்கூரம் போட்டுத் தூங்க ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் வேகப்படகு இது. இப்படிப்பட்ட படகை மூலை மூலையாகச் சுற்றிக் காட்டும் காணொளிகளுக்கு நம்மூரிலும் ரசிகர்கள் உண்டு. பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும்: நம்ம பக்கம் இதெல்லாம் எங்கே இருக்கு?

இருக்கிறது. ஒரே படகில் இல்லை, மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. வேகமும் வெளி எஞ்சினும் தேவனாம்பட்டினம் மணலில். இரவுத் தங்கலும் சமையலும் கடலூர் முதுநகர் துறைமுகத்தில். சுற்றிப் பார்க்கும் சுகம் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில். கடலோரமாக அளந்தால் எல்லாம் 40 கிலோமீட்டருக்குள். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படகைக் கண்டதும் பெரும்பாலோர் கேட்பது, “எவ்வளவு வேகம் போகும்?” அதைத் தள்ளி வையுங்கள். “இது எங்கே கரையேறும்?” என்று கேளுங்கள். படகின் வயிறு, எஞ்சின், படுக்கை எல்லாவற்றுக்கும் விடை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மணலில் நிற்கும் படகு

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அலையைப் பார்த்துக்கொண்டு படகுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள். வடக்கே தாழங்குடா, தெற்கே சோனாங்குப்பம் என்று இந்தக் கரை நெடுக மணல் மேல் ஏற்றி வைத்திருப்பவை பைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்தவற்றில் இவை ஏராளம். கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகிய மாற்றம் அந்த ஆண்டுகளில் வேகம் பிடித்தது.

முதலில் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். அணியம், அதாவது படகின் முன்மூக்கு, கூர்மையாக மேலே தூக்கி நிற்கும். நடுவுக்கு வரவர வயிறு தட்டையாகிவிடும். முன்னால் அலையைக் கிழிக்க வேண்டும், பின்னால் மணலில் சாயாமல் உட்கார வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே உடம்பு.

மேலைநாட்டு வேகப்படகின் வயிறு இப்படி இருக்காது. முனையிலிருந்து பின்புறம் வரை ஆழமான ‘வி’ வடிவில் இருக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் உருவாக்கிய வடிவம் அது. 1960இல் மயாமியிலிருந்து நாசோ வரை நடந்த கடல் பந்தயத்தில் அந்த வயிறு கொண்ட ‘மோப்பி’ என்ற படகு கொந்தளிப்பான கடலில் வென்றதும் உலகமே அதைப் பின்பற்றியது. அலையில் விழும்போது படகு அறையாது, வெட்டி இறங்கும். ஆனால் அதைத் தேவனாம்பட்டினத்தில் கரையேற்றினால் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துவிடும். அதற்குப் படகுத்துறை வேண்டும், ஆழம் வேண்டும். நம் படகுக்கு மணலே துறை. இரண்டில் எது உசத்தி என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்து, விரல் முட்டியால் பக்கச்சுவரைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடியிழைப் பாயும் பிசினும் அடுக்கடுக்காக அச்சில் இட்டு இறுகவைத்த உடம்பு இது. நல்ல இடத்தில் ‘டொக்’ என்று திடமான ஒலி வரும். அடுக்குகள் விட்டுப்போன இடத்தில் ஒலி மந்தமாகும். வெளிப்பூச்சில் நட்சத்திரம்போல் விரிசல் ஓடியிருந்தால் அங்கே ஒரு நாள் பலமான அடி விழுந்திருக்கிறது. பழைய பைபர் படகின் வரலாறு அதன் ஒட்டுகளில் இருக்கும். புதுப் படகைவிட ஒட்டுப்போட்ட படகையே நின்று பாருங்கள்.

வேகம் எப்படிப் பிறக்கிறது

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஓர் எல்லை உண்டு. படகு போகப் போக முன்னால் ஓர் அலையும் பின்னால் ஓர் அலையும் எழும். வேகம் கூடக் கூட அந்த அலைகளின் இடைவெளி நீளும். அது படகின் நீளத்தை எட்டியதும், தானே எழுப்பிய அலைப்பள்ளத்தில் படகு மாட்டிக்கொள்ளும். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்கு 6.7 கடல்மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் எரிபொருளைக் கொட்டினாலும் பலன் சொற்பம்.

இந்த எல்லையைத் தாண்ட வேகப்படகுகள் கையாளும் வழி, தண்ணீரைத் தள்ளுவதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறிச் சறுக்குவது. அதற்கு லேசான உடம்பும் பலமான எஞ்சினும் வேண்டும். இரவு தங்கும் அறையோடு கூடிய 25 முதல் 30 அடி வேகப்படகுகளில் 150, 300 குதிரைத்திறன் எஞ்சின்கள் சாதாரணம். மணிக்கு 30 கடல்மைலைத் தாண்டுவது இதனால்தான். நம் பைபர் படகுகளில் இருப்பது பெரும்பாலும் 10 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின். வெறும் படகாகப் போகும்போது துள்ளும். வலையும் மீனும் ஆட்களும் ஏறினால் அடங்கிவிடும்.

இதைக் கரையில் நின்றே ரசிக்கலாம். அணியம் முதலில் மேலே தூக்கும், பிறகு மெல்லத் தாழ்ந்து சமமாகும், பின்னால் கலங்கிய வெள்ளைத் தடம் ஒடுங்கும். படகு சறுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசிவரை மூக்கைத் தூக்கியே போனால் பாரம் அதிகம், அல்லது பின்னால் குவிந்திருக்கிறது.

வெளியே தொங்கும் எஞ்சின்

1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய அவுட்போர்ட் எஞ்சின் உலகெங்கும் பரவியதற்கு வலுவான காரணம், அதைத் தூக்கலாம் என்பது. எஞ்சின், தண்டு, விசிறி மூன்றும் ஒரே கட்டில் படகுக்கு வெளியே இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் எஞ்சினே திரும்பும், சுக்கான் தேவையில்லை. மணல் தட்டினால் விசிறியை மேலே தூக்கிவிடலாம்.

நம் கரையில் இதற்கு ஒரு பங்காளியும் உண்டு: பின்புறத்தில் உட்கார்ந்து நீண்ட தண்டை வாலாக நீட்டிய டீசல் எஞ்சின். அவுட்போர்டின் மிடுக்கு இதற்கு இல்லை, சத்தமும் அதிகம். ஆனால் மலிவான டீசலில் ஓடும், பழுதுபார்க்க ஊரிலேயே ஆள் கிடைக்கும், ஆழமில்லாத இடத்தில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், 1980களில் இந்தக் கிழக்குக் கரைக்கென்றே அலையில் கரையேறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. தூக்கிக்கொள்ளும் டீசல் எஞ்சின் அமைப்பு ஒன்றும் அந்த முயற்சியில் உருவானது. பல வல்லுநர்களின் தலையைக் குடைந்த கேள்வியும் இதேதான்: எங்கே கரையேறும்?

அவுட்போர்ட் ஓடும்போது அதன் பின்பக்கம் மெல்லிய நீர்க்கம்பி ஒன்று பீச்சிக்கொண்டிருக்கும். ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சிய தண்ணீர் சரியாகச் சுற்றி வருகிறது என்பதற்கு அத்தாட்சி அது. அது நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும். ஓட்டுகிறவர் கையில் எஞ்சினோடு இணைத்த சிவப்புக் கயிறு மாட்டியிருக்கிறாரா என்றும் கவனியுங்கள். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். சுற்றுலாப் படகில் ஏறும்போது உயிர்காப்பு மேலாடைக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டியது அந்தக் கயிற்றைத்தான்.

இந்தக் கரையின் உச்சக் காட்சி காலையில் படகுகள் திரும்பும் நேரம். அலை உடையும் வரிசைக்கு வெளியே படகு தயங்கி நிற்கும். ஓட்டுகிறவர் பின்னால் வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரிய அலைகள் கடந்ததும் எஞ்சின் முறுக்கேறும். ஓர் அலையின் முதுகோடு ஒட்டி வந்து, மணல் தட்டும் நொடியில் விசிறி மேலே எழும். நொடி முந்தினால் படகு அலையில் குறுக்கே திரும்பிவிடும், பிந்தினால் விசிறி உடையும். அதற்குப் பிறகு ஆட்கள் சேர்ந்து தள்ளுவார்கள். டிராக்டர் வந்து இழுக்கும் ஊர்களும் உண்டு.

படுக்கை உள்ள படகு

உப்பனாற்றங்கரையில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால் படகின் உருவமே மாறிவிடும். மரத்திலும் இரும்பிலும் கட்டிய விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். இவை மணலேறுவதில்லை. ஆற்றுக்குள் கட்டிப் போட இடமிருப்பதால் ஆழமான வயிறும், அடியில் கனமான எஞ்சினும், மேலே ஓட்டுகிறவரின் அறையான வீல்ஹவுஸும் சாத்தியமாகின்றன.

பக்கச்சுவரில் உள்ள பதிவு எண்ணைப் படித்துப் பழகுங்கள். நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் எழுத்துகளுக்குப் பிறகு ஓர் எண், அதன்பின் இரண்டு எழுத்துகள். ‘எம்.எம்.’ என்றால் விசைப்படகு, ‘எம்.ஓ.’ என்றால் எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகு. கடலூரில் மணலில் நிற்பவை பெரும்பாலும் எம்.ஓ., துறையில் நிற்பவை பெரும்பாலும் எம்.எம்.

படகுக்காரர் அனுமதித்தால் ஏறிப் பாருங்கள். வீல்ஹவுஸில் சுக்கான் சக்கரம், ஜி.பி.எஸ்., வயர்லெஸ், மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர், பல படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், சாமி படம். தளத்துக்கு அடியில் ஐஸ் போட்டு மீன் வைக்கும் அறை. படுக்க ஒதுக்கிய இடம் மிகக் குறைவு: ஒரு பலகை, ஒரு பாய், கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தவர் கால். கீழே எஞ்சின் சூடும் அதிர்வும் இரவெல்லாம் மேலேறும். கடலில் இரவு தங்குவது என்றால் இங்கே இதுதான்.

வெளிநாட்டு வேகப்படகில் இருவருக்குத் தாராளமான கட்டில் எப்படி வந்தது? எஞ்சின் வெளியே போனதால் வந்தது. அவுட்போர்ட் பின்சுவரில் தொங்கத் தொடங்கியதும் உள்ளே எஞ்சின் அறை காலியாகி, அந்த இடம் படுக்கையாயிற்று. 2014இல் தொடங்கிய பின்லாந்தின் ஆக்ஸோபார் போன்ற நிறுவனங்கள் பேர் வாங்கியது இப்படிப்பட்ட படகுகளால்தான். விசைப்படகில் அந்த இடம் எஞ்சினுக்கும் ஐஸுக்கும் மீனுக்கும் போகிறது. மிச்சம் இருந்தால் மனிதருக்கு.

ஆலப்புழைப் படகு வீடோ வேறெதுவோ, கேபின் உள்ள படகில் இரவு தங்க வாய்த்தால் கட்டிலின் மெத்தையைப் பார்ப்பதற்கு முன் காற்றோட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் புகையும் ஜெனரேட்டர் புகையும் மூடிய அறைக்குள் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து; அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் போய்த் தங்கும். எதிரெதிர் திசையில் இரண்டு திறப்புகளாவது இல்லாத அறையில் தூங்க வேண்டாம்.

வேகத்தை மறக்கும் இடம்

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’யில் பார்த்த இடம் என்று சொன்னால் மூத்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் மோட்டார் படகும் துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள்.

மோட்டார் படகு அகலமான வாய்க்கால்களோடு நின்றுவிடும். சுரபுன்னை வேர்கள் கூரையாக வளைந்த குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். பல இடங்களில் ஆழம் இடுப்பளவு. கடல் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்குள். ஆனால் அந்த ஒரு மீட்டர்தான் எந்த ஓடை திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று தீர்மானிக்கிறது. வேகமாகப் போகும் படகின் அலை கரை மண்ணை அரித்து வேர்களை அசைக்கும் என்பதால் வேகம் இங்கே குற்றமும்கூட. தட்டையான அடி, தாழ்ந்த பக்கச்சுவர், துடுப்பு: ஓடை கேட்டது இவ்வளவுதான்.

எப்போது, எப்படி

படகின் வயிற்றை முழுசாகப் பார்க்க ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் பலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், விசிறியைக் கழற்றி நிமிர்த்துவார்கள். நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும் என்பதால் இரண்டு காட்சியும் ஒரே காலையில் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயலை இந்த ஊர் மறக்கவில்லை. மற்ற மாதங்களில் விடியற்காலையில் துறைமுகத்தில் இருங்கள், வெயில் ஏறுமுன் பிச்சாவரம் போய்விடுங்கள்.

படகில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுங்கள். “அண்ணே, ஏறிப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஏலம் நடக்கும்போதும் மீன் இறக்கும்போதும் குறுக்கே நிற்காதீர்கள். வலையின் கிழிசலைச் சரிசெய்யும் நேரம்தான் பேச்சுக்கு உகந்தது. அப்போது விலையையும் வேகத்தையும் விசாரிக்காமல், போன மழைக்காலத்தில் முகத்துவாரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல் மேடு சேருவது அன்னங்கோவில், முடசல்ஓடைப் பக்கத்து மீனவர்களின் நெடுங்காலக் குறை. அந்தப் பேச்சில் படகைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்வது எந்தக் காணொளியிலும் கிடைக்காது.

பலமான எஞ்சினும் பட்டு மெத்தையும் காசுள்ள எவருக்கும் கிடைக்கும். தன் கரைக்குப் பொருந்திய படகே நல்ல படகு. அந்தக் கணக்கில் தேவனாம்பட்டினத்து ஒட்டுப்போட்ட பைபர் படகு உலகின் எந்த உல்லாசப் படகுக்கும் குறைந்ததல்ல. ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.