விமானியும் கதவின் கைப்பிடியும்

மனநோயைக் கலைஞர்கள் பழியின் விளைவாகக் காட்டியதுண்டு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் அரசி உறக்கத்திடையே கை கழுவுவது கொலைப்பழியின் அடையாளம். கொலைப்பழி ஏதுமில்லாத ஒருவன் கை கழுவி ஓயாத துயரைக் காட்டியது, மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கி 2004இல் வெளிவந்த 'தி ஏவியேட்டர்' என்னும் திரைப்படம். விமானத் துறையிலும் திரைத்துறையிலும் புகழ்பெற்ற ஹோவர்ட் ஹியூஸின் வாழ்க்கையை அது 1947 வரை சொல்கிறது.

படத்தின் உயிர்நிலை ஒரு கழிவறைக் காட்சி. குருதி கசியக் கை கழுவிய ஹியூஸ், கதவின் கைப்பிடியைத் தொட அஞ்சி, வேறொருவர் வந்து திறக்கும்வரை காத்து நிற்கிறார். வானத்தை வென்றவரை ஒரு கைப்பிடி வெல்கிறது. எண்ணச் சுழற்சி நோயின் இயல்பு இதுவே. வேண்டாத எண்ணம் எழுகிறது, அச்சம் பெருகுகிறது, அச்சம் தீரக் கழுவுதலோ சரிபார்த்தலோ நிகழ்கிறது, சிறிது அமைதிக்குப்பின் ஐயம் மீண்டும் தலைதூக்குகிறது. தம் செயல் பொருளற்றது என்பதை நோயாளருள் பலர் நன்கறிவர். அறிந்தும் நிறுத்த இயலாமையே அவர்தம் வேதனை. டிகாப்ரியோவின் நடிப்பில் இவ்வேதனை நகைப்புக்கிடமாகாமல் வெளிப்படுவது படத்தின் பெருஞ்சிறப்பு.

எனினும் குறைகளும் உள. தொடக்கக் காட்சியில் தாய் மகனை நீராட்டிக்கொண்டே தொற்றுநோய் பற்றி எச்சரிக்கிறாள். தாயின் அச்சமே நோயின் வித்து என்ற எண்ணத்தை இது பார்ப்போர் உள்ளத்தில் விதைக்கிறது. மரபுவழியும் மூளையின் இயக்கமும் இந்நோயில் பங்குபெறுகின்றன. பெற்றோர் வளர்ப்பை மட்டும் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. மேலும், அறையில் முடங்கிக் கிடந்த ஹியூஸ் செனட் விசாரணைக்கென எழுந்து சென்று வெல்வதைக் காண்போர், மனவுறுதி ஒன்றே மருந்தென மயங்கக்கூடும்.

மருந்து வேறு. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபார்க்காமலும் பொறுத்திருக்கப் பழக்கும் முறையால் இரு நோயாளர் நலம்பெற்றதை விக்டர் மேயர் என்பார் 1966இல் வெளியிட்டார். இன்று அம்முறையும், செரோட்டோனின் வழிச் செயற்படும் மருந்துகளும் பலருக்குப் பயனளிக்கின்றன. அந்தோ! ஹியூஸ் பழ டப்பாவைத் திறக்கும் முறையைக்கூடப் பல படிகளாக விதித்தார். பணியாளர் அவ்வாறே செய்தனர். செல்வம் அவருக்குச் சிகிச்சையை வாங்கித் தரவில்லை. நோய்க்கு ஏவல் செய்வோரையே வாங்கித் தந்தது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர். ஹியூஸின் வாழ்வில் பிழைத்துப்போனது அந்த நான்காவது கூறே. எழுதியதை அழித்தழித்துத் தாள் கிழியும்வரை திருத்தும் மாணவனை, பையைப் பன்முறை திறந்து பார்க்கும் மாணவியைக் காணும் ஆசிரியர் இதனை எண்ணுதல் வேண்டும். அதட்டினால் அச்சம் வளரும். "சரியாக இருக்கிறது" என்று ஓயாது உறுதி கூறினால் நோய் வளரும். கனிவோடு கேட்டறிந்து, பெற்றோருக்கு உணர்த்தி, மனநல மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவதே ஆசிரியர் செய்யத்தக்க உதவி. கைப்பிடியைத் தானே தொட்டுக் கதவைத் திறக்கும் துணிவை அக்குழந்தை பெறுதல் வேண்டும்.