பெயரும் கோப்பும்: நோட் ஜேஎஸ் தேடல் விதி பற்றிய ஒரு மதிப்பீடு

நிரலெழுதுவோர் தமது நிரலினுள் பிறிதொரு மொடியூலைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, அப்பெயர் எக்கோப்பைக் குறிக்கின்றது என்பதை ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். மிக எளியதாகத் தோன்றும் இவ்வெதிர்பார்ப்பு, 2009 இல் றையன் டால் உருவாக்கிய நோட் ஜேஎஸ் என்னும் ஜாவாஸ்கிரிப்ற் இயங்குசூழலிற் பொய்த்துப்போயிற்று.

அதன் 'றிகுவயர்' அழைப்புத் தொழிற்படும் முறை நோக்கற்பாலது. './கணக்கு' என எழுதினால் முதலில் அப்பெயருடைய கோப்பே தேடப்படும். அஃதில்லையேல் .ஜேஎஸ், .ஜேசன், .நோட் என்னும் பின்னொட்டுகள் முறையே சேர்த்துப் பார்க்கப்படும். அவையும் இன்றேல் அப்பெயருடைய கோப்புறை. அதனுள் பொதிவிவரக் கோப்புச் சுட்டும் முதன்மைக் கோப்பு. அதுவும் இன்றேல் 'இன்டெக்ஸ்'. புள்ளியோ சாய்கோடோ முன்வராத வெறும் பெயர், நோட்டின் உள்ளமைந்த மொடியூல் அன்றாயின், 'நோட் மொடியூல்ஸ்' கோப்புறைகளில் மேன்மேல் ஏறி, மூலக் கோப்புறைவரை தேடப்படும். முதலிற் கிடைத்ததே விடை. நேற்றுவரை ஜேசன் கோப்பைத் தந்த ஒரு வரி, யாரோ அதே பெயரில் ஒரு .ஜேஎஸ் கோப்பை அருகில் வைத்துவிட்டால், இன்று அதனையே தரும். வரியில் ஓரெழுத்தும் மாறியிராது. எழுதுவோருக்கு மூன்றெழுத்து மிச்சம். படிப்போருக்கோ கோப்புறை முழுவதையும் துழாவும் வேலை.

இவ்வூகமுறையைத் தொகுப்பி, எழுத்துத்திருத்தி, சோதனைக் கருவி, பொதிகட்டும் கருவி ஆகிய ஒவ்வொன்றும் தானே மீளச் செய்துகொள்ள நேர்ந்தமையே பெருங்கேடு எனலாம். ரைப்ஸ்கிரிப்றின் அமைப்புக் கோப்பிற் பாதைகளுக்கு மாற்றுப்பெயர் இடலாம். தொகுப்பி அதனை ஏற்றுப் பிழையில்லை எனச் சான்றளிக்கும். ஆனால் வெளியிடும் நிரலில் அப்பெயரை மாற்றி எழுதாது. ஓடும் வேளையில் நோட் அப்பெயரை அறியாது நின்றுவிடும். சரிபார்க்கும் கருவியும் இயக்கும் கருவியும் இரு வேறு நிரல்களைப் பார்க்கின்றன என்பதே இதன் பொருள்.

2018 இல் பேர்லினில் ஆற்றிய உரையில், பின்னொட்டை விட்டெழுத இடமளித்தமை, இன்டெக்ஸ் வழக்கம், நோட் மொடியூல்ஸ் ஆகியவற்றைத் தம் தவறுகளுள் டால் தாமே எண்ணினார். படைத்தவரே தம் படைப்பை இவ்வாறு கண்டித்தல் அரிது. எனினும் முழுமையான முகவரியை வலியுறுத்தி அவர் தொடங்கிய டீனோ, 2024 இல் வெளிவந்த தன் இரண்டாம் பதிப்பிற் பொதிவிவரக் கோப்பையும் நோட் மொடியூல்ஸையும் ஏற்றுக்கொண்டது. நோயறிதல் சரியே; ஆயினும், ஏற்கெனவே எழுதிக் குவிக்கப்பட்ட பொதிகளின் எடையை அது கணக்கிற் கொள்ளவில்லை.

நோட்டினுள்ளேயே நிகழ்ந்த திருத்தம் இதனினும் பயனுடையது. 2015 இன் மொழித் தரத்தைப் பின்பற்றிய புதிய இறக்குமதி முறையிற் சார்புப் பாதைகளுக்குப் பின்னொட்டு கட்டாயமாயிற்று. வெளியார் எவ்வெப் பாதைகளை அழைக்கலாம் என்பதை 'எக்ஸ்போட்ஸ்' என்னும் பகுதியிற் பொதியே எழுத்தில் அறிவிக்கவும் வழி பிறந்தது. ஆயின் அப்பகுதி நிபந்தனைகளையும் அனுமதிக்கின்றது. ஒரே பெயர், பழைய முறையில் அழைத்தால் ஒரு கோப்பையும் புதிய முறையில் அழைத்தால் வேறொன்றையும் தரலாம். அப்போது ஒரே பொதி இரு பிரதிகளாக நினைவகத்தில் அமர, ஒன்றிற் பிறந்த பொருளை மற்றது தன்னதென ஏற்க மறுக்கும். 2023 இல் ரைப்ஸ்கிரிப்ற் 5.0 சேர்த்த 'பண்ட்லர்' முறையோ, பின்னொட்டில்லா எழுத்தை மீண்டும் உள்ளே விட்டது. பொதிகட்டும் கருவிகளின் நடைமுறையை உள்ளவாறு விவரித்தமையால் அதனைக் குறைகூறுதல் கடினம். வெறும் பெயர் கோப்புறைகளில் ஏறித் தேடும் பழைய வழக்கமோ, நோட்டின் புதிய முறையிலும் அப்படியே தொடர்கின்றது.