உரையாடலை ஆள்பவர் யார்? திறன்பேசி குறித்த அன்றாடக் கருத்துகள் பற்றி ஒரு திறனாய்வு

திறன்பேசியைப் பற்றி நம் திருச்சபைகளில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒழுக்க அறிவுரையோடு நின்றுவிடுகிறது. இளைஞர் பொழுதை வீணாக்குகின்றனர்; குடும்ப ஜெபம் குன்றுகிறது; ஆராதனை வேளையில் கருவி ஒலிக்கிறது. இக்குறைகள் உண்மையே. எனினும் இவற்றை மட்டும் கண்டிக்கும் பிரசங்கம், அக்கருவியின் வழியே நடைபெறும் உரையாடலை ஆள்பவர் யார் என்று கேட்பதில்லை. அதிகாரத்தைப் பற்றிய இவ்வினா இறையியலுக்கு உரியது. மக்கள் அன்றாடம் கூறும் மூன்று கருத்துகளைக் கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

குலசேகரன்பட்டினத்தையும் அதனை அடுத்த சேகரங்களையும் நாம் களமாகக் கொள்கிறோம். முத்தாரம்மன் தசராவுக்குப் பல இலட்சம் மக்கள் திரளும் இக்கடற்கரை ஊரில், 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. விண்ணுக்குச் செயற்கைக்கோள் அனுப்ப ஆயத்தமாகும் ஊரிலும், அண்டை வீட்டாரோடு பேசும் வழி எவர் கையில் உள்ளது என்பது கேட்கப்படாத வினாவாகவே இருக்கிறது.

1. "எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்"

வாட்ஸ்அப்பை விட்டு வேறு செயலிக்கு மாறலாமா என்று கேட்டால் முதலில் கிடைக்கும் விடை இதுவே. இதனைச் சோம்பலின் சாக்கு என்று தள்ளலாகாது. சேகரத்தின் அறிவிப்பும், அடக்க ஆராதனையின் நேரமும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளின் குரலும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஒருவர் தனியே வெளியேறினால் செயலியோடு உறவுகளையும் இழக்கிறார். ஆகவே இது அமைப்பின் பிடியாகும். தனிமனிதரைக் கடிந்துகொள்வதால் இப்பிடி தளராது. 2021 சனவரியில் அந்நிறுவனம் புதிய தனியுரிமை விதிகளை ஏற்குமாறு பயனாளரைக் கேட்டது. விதிகளை விரும்பாதோரும் பலர் அங்கேயே தங்கியதற்கு இப்பிடியே காரணம்.

திருச்சபையும் அறியாமலே இப்பிடியை இறுக்குகிறது. சபையின் அறிவிப்புகள் ஒரே செயலியில் மட்டும் வெளியாகும்போது, திறன்பேசி இல்லாத விதவையும் கூலித் தொழிலாளியும் சபையின் உரையாடலுக்குப் புறம்பாகின்றனர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. முகம் அறிந்து, வீடு அறிந்து பழகிய உறவே அந்நாள்களில் நிலைநின்றது. ஆயரின் வீடு சந்திப்புக்குச் செயலி ஈடாகாது.

2. "நம்முடைய செயலிக்கு மாறுவோம்"

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனம் 2021இல் 'அரட்டை' என்னும் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் அதன்பால் பேரார்வம் எழுந்தது. நாளொன்றுக்கு 3,000ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்று நாளில் 3,50,000ஆகப் பெருகியதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தமிழ்ப் பெயரும், தாமிரபரணி நாட்டோடு உள்ள தொடர்பும் நம் மக்களுக்குப் பெருமிதம் அளித்தது இயல்பே. அயல் நிறுவனங்களின் ஆதிக்கத்திற்கு எதிரான அக்குரலில் நியாயமும் உண்டு.

எனினும் 'நம்முடையது' என்பதாலேயே ஒன்று நமக்கு விடுதலை அளித்துவிடாது. இந்திய மொழிகளில் உரையாட வழிசெய்த 'கூ' என்னும் ஊடகம் பெங்களூரில் தோன்றியது. 2024 சூலையில் மூடப்பட்டது. அதில் எழுதியோருள் பலர் உள்நாட்டவர், அதைத் தோற்றுவித்தோரும் உள்நாட்டவர். ஆயினும் கதவை அடைக்கும் உரிமை உடைமையாளரிடமே இருந்தது. 'அரட்டை'யிலும், மேற்சொன்ன அலை எழுந்த வேளையில், அனுப்புநரும் பெறுநருமன்றிப் பிறர் படிக்க இயலாத மறையாக்கம் அழைப்புகளுக்கு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இருக்கவில்லை. ஒரு செயலியின் பிறப்பிடத்தை மட்டும் கேட்பவர் இத்தகைய வினாக்களைக் கேட்க மறந்துவிடுகிறார்.

நம் பகுதியின் திருச்சபை வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1857இல் நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளையின் தலைமையில் ஒரு கூட்டத்தார் மிஷனெரிகளின் ஆளுகையை விட்டு நீங்கித் தனிச் சபை கண்டனர். கால்டுவெல் நம் மக்களைக் குறித்து எழுதிய நூல் விளைத்த மனப்புண் அதற்குப் பின்னணியாக இருந்தது. தன்மதிப்பை நாடிய அக்குரல் நியாயமானதே. ஆனால் தன்னாட்சி கிடைத்தபோது ஐக்கியம் உடன் கிடைக்கவில்லை. தன்னாட்சியும் ஐக்கியமும் ஒருங்கே அமைவது எங்ஙனம் என்பதே அன்றும் இன்றும் கடினமான வினா.

3. "யாருக்கும் சொந்தமில்லாத ஊடகம் வேண்டும்"

இக்கருத்தைக் கூறுவோர் சிலரே. பெரும்பாலும் கணினி பயின்ற இளைஞர். 2016இல் தோன்றிய 'மாஸ்டடான்' இவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அதில் பல குழுக்கள் தத்தம் செலவில் தனித்தனி வழங்கிகளை நடத்துகின்றன. ஒரு பொது நெறிமுறையால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அந்நெறிமுறை 2018இல் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் முகவரிக்குக் கடிதம் செல்வதை ஒத்தது இது. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதைக் கண்டித்து இந்தியர் பலர் அங்கே குடிபெயர்ந்தனர், அவ்வலை நீடிக்கவில்லை. வேம்புவும் செய்திச் செயலிகள் மின்னஞ்சலைப்போல் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என 2025இல் கூறியது இங்கே கருதத்தக்கது.

மூன்று கருத்துகளுள் வேதத்தின் நெறிக்கு அணுக்கமானது இதுவே என்பது நம் துணிபு. கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை லவோதிக்கேயாவிலும் வாசிக்கும்படியும், அங்கிருந்து வரும் நிருபத்தைக் கொலோசெயர் வாசிக்கும்படியும் பவுல் பணிக்கிறார் (கொலோ. 4:16). ஒவ்வொரு சபையும் தனக்குரிய வாழ்வோடு நின்றது. ஆயினும் நிருபம் எல்லைகளைக் கடந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு ஏழு குத்துவிளக்குகள். அவற்றின் நடுவே உலாவுகிறவர் ஒருவரே. ஐக்கியத்திற்கு ஒற்றை உடைமையாளர் தேவையில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

ஆயினும் இக்கருத்தையும் திறனாயாது ஏற்கலாகாது. சிறிய அமைப்பிலும் சிறிய கொடுங்கோலன் தோன்றக்கூடும். தியோத்திரேப்பு சகோதரரை ஏற்க மறுத்ததோடு, ஏற்றவரையும் சபைக்குப் புறம்பாக்கினான் (3 யோவான் 9, 10). வழங்கியை நடத்துபவர் கையிலும் அதே அதிகாரம் உண்டு. மேலும் அவதூறையும் சாதிப் பகைமையையும் தடுக்கும் பொறுப்பு அங்கே தொண்டர் சிலரின் தோள்மீது விழுகிறது. அவர்கள் தளர்ந்தால் வழங்கியே மூடப்படுகிறது. அரசின் அதிகாரத்தையும் இவ்வமைப்பு தானாக வெல்வதில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. துயருற்ற மக்கள் பேசவேண்டிய வேளையில் எல்லாச் செயலிகளும் ஒருங்கே வாயடைத்தன.

4. திருச்சபை செய்யத்தக்கது

நாளையே எல்லாரும் வாட்ஸ்அப்பை விட்டு வெளியேற வேண்டும் என நாம் கூறவில்லை. ஏழைக் குடும்பங்களின்மேல் அத்தகைய சுமையை ஏற்றுவது நீதியன்று. ஆயின் சபைகள் இன்றே தொடங்கத்தக்க சில உண்டு. எந்த அறிவிப்பும் செயலியில் மட்டும் வெளியிடப்படலாகாது. பலகையிலும் ஆராதனையிலும் அது இடம்பெற வேண்டும். சபையாரின் முகவரிகளும் சபையின் ஆவணங்களும் எந்த நிறுவனத்தையும் சாராமல் சபையின் கையில் இருக்க வேண்டும். திருமண்டலங்களும் இறையியல் கல்லூரிகளும் கூடி ஒரு பொது வழங்கியை நடத்த முன்வரலாம். பேசத் தகுந்ததையும் தகாததையும் தீர்மானிக்கும் குழுவில் பெண்களும், ஒடுக்கப்பட்டோரும், இளைஞரும் இடம்பெற வேண்டும்.

புதிய செயலி எதுவாயினும் அதனிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று: இதை விட்டு வெளியேறுபவர் தம் உறவுகளை இழக்காமல் வெளியேற இயலுமா? இதன் கதவை அடைக்கும் உரிமை எவரிடம் உள்ளது? இதில் இல்லாதவரை யார் நினைவுகூருகிறார்? இம்மூன்றாம் வினாவுக்குச் செயலி விடை தராது. அதற்குரிய விடையை ஆயரும் சபையாருமே வீடு வீடாகச் சென்று அளிக்க வேண்டும்.