மைக் அவளிடம், மேளம் யாரிடம்?

பெண்கள் முன்னின்று பாடும் பங்க் இசைக்குழுக்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதும், கேட்டதைப் பட்டியல் போட்டு நாலு பேருக்கு அனுப்புவதும் இசைப் பித்துப் பிடித்தவர்களிடம் இன்று வேரூன்றிவிட்ட பழக்கம். 1970-களின் லண்டனிலிருந்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், தி ஸ்லிட்ஸ், தி ரெயின்கோட்ஸ். 1990-களின் அமெரிக்க 'ரயட் கேர்ள்' அலையிலிருந்து பிகினி கில். 2012-ல் மாஸ்கோ தேவாலயத்துக்குள் ஏறிப் பாடிச் சிறைக்குப் போன புஸ்ஸி ரயட். 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் ஒன்றில் பாடி உலகமெங்கும் பரவிய லிண்டா லிண்டாஸ் சிறுமிகள். மதுரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கிற ஒருவருக்கு, நம் பக்கத்தில் யார் என்ற கேள்வி வராமல் இருக்காது. கிதாரையும் டிரம்ஸையும் அடையாளமாக வைத்துத் தேடினால் வைகைக் கரையில் பெரிதாக ஒன்றும் அகப்படாது. பயிற்சியைவிடத் துணிச்சலை நம்பி, அடக்கம் சொல்லித் தந்தவர்கள் முகம் சுளிக்கும்படி பொதுவெளியில் சத்தம் எழுப்பிய பெண்கள் யார் என்று தேடினால் நிறையவே அகப்படும். அப்போதுதான் இந்தத் தேடலின் பலமும் கோளாறும் சேர்ந்தே தெரிகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்க் வரலாறு நெடுங்காலம் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்ற ஆண் குழுக்களின் வரலாறாகவே எழுதப்பட்டது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன் அதில் ஒரு பத்தியோடு சரி. சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர். பல்லில் கம்பி கட்டியபடியே மேடையேறியவர். 1977-ல் வந்த குழுவின் முதல் பாட்டு, பெண் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது என்கிற பழைய ஆங்கிலச் சொல்வழக்கை அவர் குழைந்த குரலில் ஒப்பிப்பதோடு தொடங்கும். அடுத்த நொடி காதைக் கிழிக்கிற ஒரு கத்தல். பக்கத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சாக்ஸபோனை ஊதித் தள்ளுவாள். அந்தக் குரலை ஒரு தலைமுறைக்குப் பிறகு மீட்டுக் கொண்டுவந்தது பட்டியல் போடுகிறவர்கள்தான். தனக்கு முன்னால் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று தெரிவது மேடையேற நினைக்கிற பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கண்டெடுத்தவரின் நிழல் கண்டெடுக்கப்பட்டவர் மேல் விழுந்துவிடும். ரெயின்கோட்ஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1979-ல் முதல் தட்டு போட்டு, 1984 வாக்கில் கலைந்துபோன குழு. 1992-ல் லண்டன் வந்த நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், தேய்ந்துபோன தன் பழைய தட்டுக்குப் பதில் இன்னொன்று தேடி இசைத்தட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர்கள் அவரை, பாடகி ஆனா ட சில்வா வேலை பார்த்த பழம்பொருள் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். கோபேன் எழுதியதால் 1993-ல் அந்தத் தட்டுகள் மறுபடி வெளிவந்தன. நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து ரெயின்கோட்ஸ் பற்றி யார் எழுதினாலும் கோபேன் கடைக்குள் நுழைவதிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன்.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். பாண்டியராஜன் 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக நடிக்கவும் பாடவும் வைத்தார். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில் உள்ள பரவையில் பிறந்த முனியம்மா, ஊர்த் திருவிழாக்களில் ஆண்டுக்கணக்காகப் பாடிய பிறகு, 2003-ல் 'தூள்' படத்தில் உலகத்தின் கண்ணில் பட்டார். 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க' நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணுவை ஒரே பாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனது.

'தூள்' காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முனியம்மா தொண்டையைத் திறந்து பாடுகிறார். விக்ரம் அடியாட்களைப் புரட்டி எடுக்கிறார். பாட்டின் ஏற்ற இறக்கம் அடிதடியின் ஏற்ற இறக்கத்தோடு பின்னப்பட்டிருக்கிறது. திரையரங்கில் விசில் பறந்ததில் பாதி அந்தக் குரலுக்குத்தான். ஆனால் அந்தக் குரல் யாரைப் பற்றிப் பாடுகிறது? கதாநாயகனைச் சிங்கம் என்று புகழ்கிறது. அந்தக் காட்சியிலேயே மிகத் திடமான பெண்ணுக்கு ஆண் ஒருவனின் வீரத்துக்குப் பின்னணி கொடுக்கிற வேலை. தெருமுனைக் கலகக்காரியின் தொண்டை கிடைத்தும் படம் அதை அதற்குமேல் பயன்படுத்தத் துணியவில்லை. பிறகு வந்த வாய்ப்புகளிலும் அவர் வாயாடிக் கிழவியாகவே வந்தார். கருப்பாயிக்கும் முனியம்மாவுக்கும் கலைமாமணி வந்தது. முதுமையில் இருவரின் வறுமையும் நோயும் செய்தித்தாளில் வந்தன. அதைப் பார்த்து உதவிகள் வந்தன. முனியம்மா 2020-லும் கருப்பாயி 2025-லும் மறைந்தார்கள். கண்டெடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்டெடுத்தல் என்பதே ஒரு பாட்டு, ஒரு வேடம், ஒரு வயது என்ற அளவோடு நின்றுவிடுகிறது என்கிறேன்.

இதற்கும் முந்தைய பெயர் ஒன்று மதுரையில் இருக்கிறது. கே. பி. ஜானகி அம்மாளைப் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் தலைவராக, 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக நினைவுகூர்கிறோம். 1917-ல் மதுரையில் பிறந்த அவர் முதலில் நாடகக்காரி. சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, நல்ல சம்பளம் வாங்குகிற கதாநாயகியாக உயர்ந்தவர். வள்ளி திருமணம் போடுகிற ஸ்பெஷல் நாடக மேடையில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாட்டுப் பாடி, போலீஸ் வந்து நிற்கிற காலம் அது. முருகன் வேடத்தில் அப்படிப் பாடிப் பலமுறை சிறை சென்றவர் விஸ்வநாததாஸ். மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தபோது, ஜானகி அம்மாள் சம்மதித்து நின்றார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. பின்னாளில் போர் எதிர்ப்புப் பிரசாரத்துக்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். பாட்டு, மேடை, சாதி மீறல், போலீஸ் எல்லாம் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் கூடியிருக்கின்றன. பங்க் பட்டியல்காரர்கள் இப்படி ஒருத்தி லண்டனில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதே ஸ்பெஷல் நாடக மேடையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஆர்மோனியம் ஆண், மிருதங்கம் ஆண், தாளம் ஆண். வள்ளி எவ்வளவு எகிறிப் பாடினாலும் சுருதியைப் பிடித்துக் கொடுப்பதும் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அந்த ஓரம்தான். மதுரை நாடக நடிகைகளிடையே நீண்ட காலம் ஆய்வு செய்த சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதியிருப்பதும் இங்கே பொருந்தும். இரவு மேடையில் ஆயிரம் ஆண்கள் முன் நிற்கிற நடிகை, நாடக ஊருக்குப் போகிற வழியில் குடும்பப் பெண்ணாகத் தெரிய எவ்வளவு பாடுபடுகிறாள் என்று காட்டுகிறார் அவர். லண்டன் பங்க் பெண் மேடையில் போட்ட கிழிந்த உடையோடுதான் தெருவிலும் நடந்தாள். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும் என்பதே அவள் கொள்கை. நம் நாடகக்காரிக்கு அது கட்டுப்படியாகாது. தெருவில் அவள் இழக்கக்கூடியது அடுத்த நாடகத்துக்கான அழைப்பையும் பிள்ளையின் கல்யாணத்தையும்.

ஆக, மைக்கின் முன்னால் பெண் நிற்பது இந்தப் பகுதியில் அதிசயமே இல்லை. நாடகத்தில் நின்றாள், திருவிழாவில் நின்றாள், மெல்லிசைக் குழுவில் 'லேடி சிங்கர்' என்று ஒரு நாற்காலியே அவளுக்கு உண்டு. அதிசயம், மேளம் அவள் கையில் இருப்பதுதான். 'பெண் முன்னின்று பாடும் குழு' என்று வடிகட்டித் தேடுகிற பழக்கம் நம் மண்ணில் தடுமாறுவது இங்கேதான். மேற்கிலும்கூட அது அரைகுறையான கேள்வியே. ஸ்லிட்ஸில் டிரம்ஸ் அடித்துவிட்டு ரெயின்கோட்ஸுக்குப் போன பால்மாலிவ் என்ற ஸ்பானியப் பெண் எந்தப் பாடகிக்கும் குறைந்தவரில்லை. ஆனால் பட்டியலில் பாடகியின் படம்தான் வரும்.

மதுரையிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் திண்டுக்கல்லில் இருக்கிறது சக்தி நாட்டுப்புறக் கலை மையம். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியான சகோதரி சந்திராவும் உடன் இருந்தவர்களும் 1990 வாக்கில் தொடங்கியது. பள்ளிப் படிப்பு நின்றுபோன தலித் இளம்பெண்கள் தங்கிப் பறை, ஒயில், கும்மி எல்லாம் கற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஜோயி ஷெரினியன் எடுத்த 'சக்தி வைப்ரேஷன்ஸ்' ஆவணப்படம் வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. சாவு வீட்டில் அடிக்க வேண்டும் என்று ஒரு சாதியின் ஆண்கள் மேல் சுமத்தப்பட்ட கருவி பறை. அதே சாதியின் பெண்களுக்கும் அதைத் தொட இடமில்லை. அதை எடுத்துத் தோளில் மாட்டுவது ஒரே அடியில் இரண்டு வேலிகளைத் தாண்டுவது.

பறை அடிக்கிற பெண்ணை மேடைக்குக் கீழே நின்று பார்த்தால் இது புரியும். வைக்கோலைக் கொளுத்தித் தோலை நெருப்பில் காட்டுவார்கள். தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகி 'டங்' என்று எழுந்த பிறகுதான் ஆட்டம். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. பறையைத் தோளோடும் இடக்கையோடும் அணைத்துக்கொண்டு, காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதித்துத் திரும்ப வேண்டும். காலைச் சேர்த்து உட்கார், குனிந்து நட என்று வளர்க்கப்பட்ட உடம்பு அந்த அகலத்துக்கு வர நாளாகும். தாளத்தைப் பிடிப்பதைவிட அதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பாலி ஸ்டைரீனின் கத்தலுக்கு இங்கே நேரான இணை அந்தக் கால்கள்தான்.

அதற்காக இவர்களை 'திண்டுக்கல் பங்க்' என்று முத்திரை குத்தினால் எனக்கு ஒப்பவில்லை. ஊக்கை மூக்கில் குத்திக்கொண்ட லண்டன் பெண், வேண்டாம் என்று நினைத்த நாளில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். பறையின் மேல் ஒட்டிய இழிவு யாரும் விரும்பி அணிந்ததல்ல. கழற்றிவிட்டாலும் ஊர் விடாது. பாலி ஸ்டைரீனின் தோல் நிறத்தை அவராலும் கழற்ற முடியாதுதான். அந்த அளவில் உறவு சொல்லிக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். மாதங்கி அருட்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-ல் வந்த 'கலா' தொகுப்பில் உறுமியைக் கொண்டுபோய் லண்டன் இரைச்சலோடு மோதவிட்டார். கேட்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது எம்.ஐ.ஏ.வை மட்டும்தான், உறுமி அடித்தவர்களை அல்ல. முன்னால் நிற்பவர் பெண்ணாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, முன்னால் நிற்பது ஒன்றுமில்லை என்று ஆகிவிடக் கூடாது. கல் விழுவது அங்கேதான். காஷ்மீரின் பிரகாஷ் இசைக்குழுவில் மூன்று பள்ளிச் சிறுமிகள். பாடியதும் வாசித்ததும் அவர்களே. ஸ்ரீநகர்ப் போட்டியில் பரிசு பெற்ற சில வாரங்களிலேயே, 2013 பிப்ரவரியில், வசவுகளும் தலைமை முப்தியின் கண்டனமும் சேர்ந்து அவர்களைக் கலைத்துவிட்டன. சென்னையின் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் மேடையேறியபோது பத்தொன்பது பேர். அதில் ஒரே பெண் கானா பாடகி இசைவாணி. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலை நுழைவை முன்வைத்து அவர் பாடிய ஐயப்பன் பாட்டு பல ஆண்டு கழித்து, 2024-ல், திடீரென்று கிளப்பப்பட்டு, புகாரும் மிரட்டலும் அவர் தலையில் விழுந்தன. பாட்டு பத்தொன்பது பேருடையது. தொலைபேசி அழைப்புகள் போனது ஒருத்திக்கு. பட்டியலில் 'பாடகி' என்று எழுதுகிற இடத்தில் இந்த விலை எழுதப்படுவதில்லை.

பறைக்கு வருகிறேன். பெண்கள் பறை இசைப்பது இன்று மதுரையில் அரிய காட்சியல்ல. கல்லூரி விழா, கட்சிக் கூட்டம், புத்தகக் கண்காட்சி என்று எங்கும் அழைக்கிறார்கள். பல சாதிப் பெண்களும் பயிற்சி முகாமுக்கு வருகிறார்கள். நெருப்புக் காட்டத் தேவையில்லாத ஃபைபர் பறை வந்து வேலையை எளிதாக்கியிருக்கிறது. தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால் இது பெரிய தூரம். ஆனால் அழைக்கிற விதம் எனக்கு உறுத்துகிறது. சிறப்பு விருந்தினரின் கார் வாசலில் நின்றதும் அடிக்கச் சொல்வார்கள். அவர் மேடைப் படி ஏறியதும் ஏற்பாட்டாளர் ஒருவர் கையைக் காட்டுவார்; அடவு பாதியில் நிற்கும். மேடையில் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து வருக வருக என்பார். குழுவின் பெயரைச் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சத்தத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இந்தப் பெண்கள் இதை ஏன் அடிக்கிறார்கள் என்று சொல்ல ஒரு நிமிடம்கூடத் தராத விழாக்கள் பெருகிவிட்டன. கருப்பாயிக்கும் முனியம்மாவுக்கும் மைக் கிடைத்தது, வாத்தியம் கிடைக்கவில்லை. இவர்களிடம் வாத்தியம் இருக்கிறது, மைக் மேடையிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிற குழுக்களுக்கு அழைப்பு குறைகிறதா, சம்பளம் குறைகிறதா என்பதை அந்தப் பெண்களிடமே கேட்க வேண்டும். விழா முடிந்ததும் வேனில் பறைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டால் சொல்வார்கள்.