சாலையோரப் பூக்கள்: மானியமும் ஆளும்

அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில், நெடுஞ்சாலை ஓரங்களைத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பிழைக்கும் இடமாக்க ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் வரை மானியம் தர இடமிருக்கிறது. விண்ணப்பத்துக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். மாநிலப் போக்குவரத்துத் துறைகளிடம் உள்ள சாலையோர நிலமோ ஒரு கோடி ஏக்கருக்கு மேல். வகுத்தால் ஏக்கருக்கு ஒரு டாலரில் ஐந்திலொரு பங்குகூடத் தேறாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நகர்ந்துவிடலாம். ஆனால் தொகை குறைவு என்பது இத்திட்டத்தின் சின்னக் குறைதான்.

முதலில், இதற்குச் செலவழிக்கவே வேண்டுமா? லாரிகள் பறக்கும் இடத்தில் பூ வளர்ப்பது பூச்சிக்குப் பொறி வைப்பது என்கிறவர்கள் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க்வீட் செடியை மட்டுமே தின்னும். நம் எருக்குக்குப் பங்காளி அது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்தச் செடியில் ஏறுகிறது. மின்னசோட்டா மாநிலத்தில் ஆய்வாளர் எமிலி ஸ்னெல்-ரூட்டின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சாலையோர இலை தின்று வளர்ந்த மொனார்க்குகளின் உடலில் சோடியம் கூடியிருந்தது. வண்டியில் அடிபட்டுச் சாவது தனிக்கணக்கு. ஆனாலும் பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டபோது, இழப்பைவிட நன்மையே மிகுதி என்று கண்டார்கள். சுற்றிலும் சோளமும் சோயாவும் மட்டுமே நிற்கிற நாட்டில், சாலையோரத்தை விட்டால் பூச்சிக்கு வேறு போக்கிடம் எங்கே?

மின்னசோட்டாவின் சட்டமே நல்ல நடுவழி ஒன்றைச் சொல்கிறது. சாலையை ஒட்டிய முதல் 8 அடியை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். ஓரம் முழுவதையும் ஜூலை 31-க்குப் பிறகே வெட்டலாம். ஓட்டுநரின் பார்வையும் மறையாது, பூக்களும் வண்டிகளிலிருந்து தள்ளி நிற்கும். ஏட்டில் இவ்வளவு தெளிவு. ஆனால் சாலையோரப் புல்லை மாட்டுத் தீவனமாகக் கட்டி எடுத்துப் பழகிய விவசாயிகளிடம், அனுமதிச் சீட்டு வாங்குங்கள் என்று துறை கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. 2017-ல் மாநிலச் சட்டமன்றமே அந்த அனுமதி முறையை நிறுத்திவைத்தது. விதைப்பது ஒரு நாள் வேலை. வெட்டாமல் காப்பதுதான் வருடம் முழுக்க வழக்கு.

அதனால்தான் அயோவாவை உதாரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. தன் புல்வெளியில் 99 விழுக்காட்டுக்கும் மேல் உழுது தீர்த்த மாநிலம் அது. அங்கே 1980-களின் இறுதியிலேயே சாலையோரத்துக்கென்று நிலையான நிதி ஒன்றைச் சட்டத்தால் ஏற்படுத்தினார்கள். பல கவுண்டிகளில் சாலையோர மேலாளர் என்று ஒருவர் சம்பளத்தில் இருக்கிறார். நாட்டுப்புல் விதை போட்டால் முதலிரண்டு ஆண்டுகள் வேர்தான் இறங்கும். மேலே பார்த்தால் களைக்காடு. ஊர்க்காரர் போன் போட்டுத் திட்டுவார். அந்தப் போனை எடுத்து, பொறுங்கள், மூன்றாம் வருடம் பாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒருமுறை மானியத்தில் அந்த ஆள் வரமாட்டார்.

டெக்ஸஸ் முதல் மின்னசோட்டா வரை ஆறு மாநிலங்கள் 2016-ல் ஐ-35 சாலைக்கு மொனார்க் நெடுஞ்சாலை என்று பேர் வைத்தன. பெயர்ப்பலகைக்கு மேல் அதற்கு அதிக மதிப்பெண் தர மாட்டேன். மொனார்க் வாழிடத்துக்காக 2020-ல் அரசோடு வந்த ஒப்பந்தம் அதைவிடக் கெட்டி. நிலத்தில் ஒரு பங்கை வாழிடமாக வைத்துக் காக்கும் போக்குவரத்துத் துறைகளுக்கு, நாளை மொனார்க் பாதுகாக்கப்பட்ட இனமானாலும் கூடுதல் கெடுபிடி வராது என்று உறுதி தருகிறது. மானியப் பணம் கொட்டாமலே துறைக்குச் சொந்த ஆதாயம்.

ஆக, அரசு ஆதரவு தேவைதான். இப்போதுள்ள வடிவில் பாதி மதிப்பெண்தான். மானியத்தின் ஐந்தாண்டுக் கெடு 2026 நிதியாண்டோடு முடிகிறது. புதுப்பிக்கும்போது, வெட்டும் அட்டவணையை எழுத்தில் தந்து, அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தர ஆளும் வைத்திருக்கும் மாநிலங்களுக்கே பணம் போகட்டும். கடைசித் தவணையை மூன்றாம் ஆண்டுப் பூக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தரட்டும்.